கோணம் பார்க்க மாடிக்கு வரும் பிள்ளைகளுக்கு

படூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சாயங்காலமானால் நாலைந்து பிள்ளைகள் கூடிவிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் முக்கோணவியல் நடக்கும் மாதம் என்றால் எட்டு, பத்து பேர். கிழக்கே முட்டுக்காட்டுக் காயல், மேற்கே பழைய மகாபலிபுரம் சாலையின் இரைச்சல், தலைக்கு மேலே சென்னையில் இறங்கப் போகும் விமானம். "தாத்தா, அது எவ்வளவு வேகமா போகுது?" என்று ஒரு பையன் கேட்டதில் ஆரம்பித்தது. நான் வானிலைப் பலூன் பின்னாலேயே கண்ணை ஓட்டி முப்பது வருஷத்துக்கு மேல் சம்பளம் வாங்கியவன். அந்தக் கேள்வி எனக்குப் போதாதா? அன்றிலிருந்து பேசிக்கொண்டே இருக்கிறேன். புதிதாக வருகிற ஒவ்வொரு கூட்டத்துக்கும் அதையே சொல்லித் தொண்டை வற்றிவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன். எண் போட்டிருப்பது, "மூணாவதை மறந்துட்டியா" என்று நீங்கள் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ள வசதியாக இருக்கட்டும் என்றுதான்.

1. கோணத்தைத் தொடுவதற்கு முன்னால் ஒரு நீளத்தைத் தேடுங்கள்.

மூக்குக்கு எதிரே பறக்கிற ஈயும், வானத்தில் போகிற விமானமும் ஒரே நேரத்தில் ஒரே கோணத்தைக் கடக்கலாம். கோணத்தை மட்டும் வைத்துக்கொண்டு எது வேகம் என்று யாராலும் சொல்ல முடியாது. எங்கேயாவது ஒரு நீளம் மீட்டரில் கைக்கு வர வேண்டும். பறக்கும் உயரமாக இருக்கலாம், நீங்கள் இரண்டு பேர் நிற்கும் இடங்களுக்கு நடுவே உள்ள தூரமாக இருக்கலாம். அது தப்பானால் பின்னால் வருகிற சைன், காஸ், டேன் எல்லாம் தப்பை அழகாகப் பெருக்கித்தான் கொடுக்கும்.

இதை எனக்குப் புரியவைத்தது நம் பக்கத்து ஊர்க் கதை. சோழிங்கநல்லூரிலிருந்து மேடவாக்கம் போகிற வழியில் பெரும்பாக்கம் இருக்கிறது அல்லவா, அங்கே ஒரு குன்று. 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி பரங்கிமலைப் பக்கம் தொடங்கி அந்தப் பெரும்பாக்கம் குன்றுவரை தரையை அளக்க ஆரம்பித்தார். ஏழரை மைல், சுமார் 12 கிலோமீட்டர். நாம் பேருந்தில் அரை மணியில் போய்விடுவோம். அவருக்கு 57 நாள் பிடித்தது. நூறு அடி எஃகுச் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, முக்காலிகளில் மட்டம் பார்த்து வைத்து, வெயிலில் சங்கிலி நீளுமே என்று பக்கத்தில் வெப்பமானிகள் வைத்து, சங்கிலி சங்கிலியாக நகர்ந்திருக்கிறார்கள். சித்திரை வெயிலில்! இமயமலை வரை போன அந்த மாபெரும் முக்கோண அளவீட்டில் பெரும்பாலான வேலை கோணம் பார்ப்பதுதான். ஆனால் அதற்கு முதல் அடி மண்ணில் குனிந்து எடுத்தது. பரங்கிமலையை ரயிலிலிருந்து பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மரப்பெட்டிகள்தான் நினைவுக்கு வரும்.

2. கருவியை நீங்களே செய்யுங்கள்.

ஜாமெட்ரி பாக்ஸில் உள்ள பாகைமானி, ஜூஸ் குடிக்கிற குழல் ஒன்று, நூல், கோவளத்தில் வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டு ஒன்று. குழலைப் பாகைமானியின் நேர்விளிம்பில் ஒட்டி, நடுப்புள்ளியில் நூலைக் கட்டித் தொங்கவிட்டால் தீர்ந்தது. குழல் வழியாகப் பார்க்கும்போது நூல் காட்டுகிற எண்ணுக்கும் 90-க்கும் உள்ள வித்தியாசம்தான் ஏற்றக்கோணம். இந்தக் கழித்தலை மறந்து 60-ஐ 30 என்று எழுதுகிறவர்கள் வருஷத்துக்கு மூன்று பேராவது வருவார்கள். இவர்களுக்கு விமானம் பின்னோக்கிப் பறக்கும்.

மூன்று மணிக்கு மேல் கடற்காற்று எழுந்தால் நூல் ஆடும். குண்டைத் தண்ணீர் டம்ளருக்குள் தொங்கவிடுங்கள், அடங்கிவிடும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க, எதிரே உள்ள அடுக்குமாடிக் கட்டடத்தின் மாடிகளை எண்ணுங்கள். மாடிக்குச் சுமார் மூன்று மீட்டர். அடியிலிருந்து எத்தனை அடி எடுத்து வைத்தால் உங்கள் இடம் வருகிறது என்று நடந்து பார்த்து, கணக்கில் வருகிற கோணமும் நூல் காட்டுகிற கோணமும் ஒத்துப்போகின்றனவா என்று சோதியுங்கள்.

மலிவான கருவி என்று வருத்தப்பட வேண்டாம். லாம்டன் கோணம் அளந்த கருவியான பெரிய தியோடலைட் அரை டன் எடை. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து சுவரில் மோதி நசுங்கியது. அவர் வாரக்கணக்கில் உட்கார்ந்து அதன் பாகை வட்டத்தைத் தட்டி இழுத்துச் சரிசெய்தாராம். உங்கள் குழல் உடைந்தால் ஒரு ரூபாய்.

3. கோணத்தை முன்பே பூட்டிவைத்து நேரத்தை எடுங்கள்.

ஓடுகிற பொருளைக் குழலில் துரத்திக்கொண்டே நூலையும் படிக்க யாராலும் முடியாது. ஒரு குழலை 60 டிகிரியிலும் இன்னொன்றை 30 டிகிரியிலும் நாற்காலி முதுகில் கட்டிவிடுங்கள். விமானம் 60-ஐத் தாண்டும்போது ஒருத்தி "போடு" என்பாள், 30-ஐத் தாண்டும்போது மற்றவன் "நிறுத்து" என்பான். கையில் கடிகாரம் வைத்திருப்பவன் வானத்தைப் பார்க்கவே கூடாது. எங்கள் வேலையிலும் அப்படித்தான்: தியோடலைட்டில் இருப்பவன் கண், எழுதுகிறவன் காது.

கணக்கு சுலபம். விமானங்களைக் காட்டும் கைபேசிச் செயலியில் விமானத்தின் உயரம் 4,000 அடி என்று வருகிறது. அதாவது 1,219 மீட்டர். 60 டிகிரியில் இருந்தபோது தரையில் நம்மிடமிருந்து தூரம் 1,219-ஐ 1.732-ஆல் வகுத்தால் 704 மீட்டர். 30 டிகிரியில் 1,219-ஐ 1.732-ஆல் பெருக்கினால் 2,111. வித்தியாசம் 1,407 மீட்டர். 15 விநாடியில் கடந்தது என்றால் விநாடிக்குச் சுமார் 94 மீட்டர், மணிக்கு 338 கிலோமீட்டர், விமானக்காரர் மொழியில் 182 நாட்.

பத்தாம் வகுப்புப் பாடம் இங்கே முடிந்துவிடும். எங்கள் மாடியில் இங்கேதான் சண்டை தொடங்கும்.

4. விடை ஒத்துவராத அன்றுதான் பாடம்.

மேலே சொன்ன அதே எண்களோடு ஒரு பெண் வந்தாள். அவள் கணக்கு 182 நாட். செயலி 202 காட்டியது. "தாத்தா, நான் எங்க தப்பு பண்ணேன்?" என்று பெருக்கலைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். பெருக்கலில் தப்பே இல்லை. "பாப்பா, விமானம் நம்ம உச்சந்தலைக்கு மேல வந்துச்சா?" என்று கேட்டேன். யோசித்தாள். வரவில்லை. கொஞ்சம் காயல் பக்கமாக ஒதுங்கித்தான் போனது. அதிகபட்சம் 68 டிகிரி ஏறியது என்று நோட்டில் அவளே எழுதி வைத்திருந்தாள், எதற்கு என்று தெரியாமலே.

அந்த 68 டிகிரிதான் திறவுகோல். 1,219-ஐ டேன் 68-ஆல் வகுத்தால் சுமார் 490; ஐந்நூறு என்றே வைத்துக்கொள்வோம். அதாவது விமானத்தின் பாதை நம் காலடியிலிருந்து ஐந்நூறு மீட்டர் தள்ளிப் போகிறது. 704 மீட்டர் என்பது நம்மிடமிருந்து உள்ள தூரம். பாதையில் உள்ள தூரம் அல்ல. பிதாகரஸைக் கூப்பிடுங்கள். 704-இன் வர்க்கத்தில் 500-இன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் 496. அதேபோல் 2,111-க்கு 2,051. வித்தியாசம் 1,555 மீட்டர். 15-ஆல் வகுத்து நாட்டாக்கினால் 202. அவள் துள்ளிக் குதித்ததில் என் வெற்றிலைப் பெட்டி கவிழ்ந்தது.

செயலியே வேகத்தைக் காட்டுகிறதே, பிறகு எதற்கு இந்தப் பாடு என்று ஒரு அப்பா என்னைக் கேட்டார். கீழே விடைத்தாளோடு வருகிற கணக்கு வேறு எங்கே கிடைக்கும், சொல்லுங்கள். ஒன்று மட்டும் கவனியுங்கள்: விமானம் தரையிறங்கச் சாய்ந்து வந்துகொண்டிருந்தால் முதல் கோணத்திலும் இரண்டாவது கோணத்திலும் உயரம் ஒன்றல்ல. மூன்று டிகிரிச் சரிவில் இறங்கினாலே மேற்படிக் கணக்கில் எழுபது மீட்டர் குறைந்துவிடும், வேகம் பத்தில் ஒரு பங்கு தப்பாகும். அதனால் இரண்டு கோணத்திலும் உயரத்தைக் குறியுங்கள்.

5. ஏற்றக்கோணம் மாறவில்லை என்பதால் பொருள் நிற்கிறது என்று நினைக்காதீர்கள்.

ஏரிக்கு மேலே பருந்து வட்டம் போடுவதைப் பாருங்கள். நீங்கள் அந்த வட்டத்தின் நடுவில் நின்றால் ஏற்றக்கோணம் கடைசிவரை ஒன்றுதான். டேன் கணக்குப்படி வேகம் பூஜ்யம்! பருந்துக்குத் தெரிந்தால் சிரிக்கும். ஆகவே எந்தத் திசையில் இருக்கிறது என்பதையும், அதாவது திசைக்கோணத்தையும், சேர்த்து எழுத வேண்டும். மாடித் தரையில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் வரைந்து பத்துப் பத்து டிகிரியாகக் கோடு போட்டால் போதும்.

எங்கள் தொழிலே இந்த இரண்டு கோணம்தான். ஹைட்ரஜன் அடைத்த சின்னப் பலூன். இவ்வளவு எடையைத் தூக்கினால் போதும் என்று தராசுபோல எடை கட்டிக் காற்றடைப்போம். அதனால் அது நிமிடத்துக்கு எவ்வளவு ஏறும் என்பது முன்பே தெரியும். தெளிந்த வானத்துக்கு வெள்ளை, மேகம் இருந்தால் சிவப்பு. நிமிடத்துக்கு ஒரு முறை மணி அடிக்கும், இரண்டு கோணத்தையும் படிப்போம். பலூனுக்குச் சொந்த இயந்திரம் கிடையாது. காற்று எங்கே தள்ளுகிறதோ அங்கே போகும். ஆக பலூனின் வேகம்தான் அந்த உயரத்துக் காற்றின் வேகம்.

நிமிடத்துக்கு 150 மீட்டர் ஏறுகிறது என்று கொள்வோம். நாலாவது நிமிடம் உயரம் 600, ஏற்றக்கோணம் 45; தூரம் 600 மீட்டர். ஐந்தாவது நிமிடம் உயரம் 750, ஏற்றக்கோணம் 40. தூரம் 894 மீட்டர். திசை மாறவில்லை என்றால் ஒரு நிமிடத்தில் 294 மீட்டர், மணிக்குப் பதினேழரைக் கிலோமீட்டர் காற்று. அதே ஏற்றக்கோணங்கள், ஆனால் அந்த நிமிடத்தில் திசை 30 டிகிரி திரும்பியிருக்கிறது என்றால்? கொசைன் விதியில் போட்டுப் பாருங்கள்: 480 மீட்டர் வரும். மணிக்கு 29 கிலோமீட்டர். கீழே வாடை, மேலே கொண்டல் என்று காற்று அடுக்கடுக்காகத் திரும்பும் நாட்களில் திசைக்கோணத்தை விட்டவன் பாதிக் காற்றைத்தான் கணக்கில் கொண்டுவருவான்.

இந்தக் கணக்குக்கும் எல்லை உண்டு. இடிமேகத்துக்குப் பக்கத்தில் மேலெழும் காற்று பலூனைத் தூக்கிவிடும், நிமிடத்துக்கு 150 என்ற நம்பிக்கை பொய்த்துவிடும். அதற்காகப் பலூனின் கீழே தெரிந்த நீளத்துக்கு ஒரு நூல்வால் கட்டி, தொலைநோக்கிக்குள் அந்த வால் எவ்வளவு சின்னதாகத் தெரிகிறது என்று அளந்து தூரம் காண்கிற முறையும் இருந்தது. மேகத்துக்குள் நுழைந்துவிட்டால் அதுவும் போச்சு. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தபோது கண்ணால் பார்க்கும் எந்தப் பலூனாலும் ஒரு பயனும் இல்லை; அது ரேடாரின் வேலை.

6. மிக ஒழுங்காக வருகிற விடையைச் சந்தேகியுங்கள்.

இது என் சொந்தக் கதை. எங்கே, எந்த அலுவலகத்தில் என்று கேட்க வேண்டாம். இருட்டில் பலூன் விட்டால் தெரியாதே என்று, கீழே காகிதக் கூண்டுக்குள் மெழுகுவத்தி ஏற்றிக் கட்டுவோம். ஒரு விடியற்காலை, புதிதாகச் சேர்ந்த ஆறாவது மாதம். மூன்றாவது நிமிடம் கண் கொட்டினேன், விளக்கு காணோம். தேடினேன், கிழக்கே பளிச்சென்று கிடைத்தது. 20 டிகிரி ஏற்றம். அடுத்த நிமிடமும் 20. அதற்கடுத்ததும் 20. சந்தோஷமாக எழுதிக்கொண்டே போனேன்.

உயரம் நிமிடத்துக்கு 150 கூடுகிறது, கோணம் மாறவில்லை என்றால் தூரம் நிமிடத்துக்கு 412 மீட்டர் கூட வேண்டும். எல்லா உயரத்திலும் ஒரே காற்று, மணிக்கு 25 கிலோமீட்டர், ஒரே திசை. பெரியவர் ஒருவர் தாளை வாங்கிப் பார்த்தார். "தம்பி, காத்து இவ்வளவு யோக்கியமா அடிக்காது" என்றார். வெளியே வந்து கிழக்கே பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார். அரை மணி நேரமாக நான் விடிவெள்ளியைத் துரத்தியிருக்கிறேன். வானம் சுழல்வதால் அதுவும் மெல்ல ஏறிக்கொண்டுதான் இருந்தது, நாலு நிமிடத்துக்கு ஒரு டிகிரி. அதைக்கூட நான் கை நடுக்கம் என்று நினைத்துத் திருத்தி எழுதியிருந்தேன். கோணம் தப்பியதைவிட அந்தத் திருத்தம்தான் இன்றைக்கும் எனக்கு வெட்கம்.

7. கலங்கரை விளக்கக் கணக்கைப் பரீட்சையில் மட்டும் போடுங்கள்.

மாமல்லபுரம் கலங்கரை விளக்கத்தில் ஏறிக் கடலில் போகிற படகின் வேகத்தைக் கண்டுபிடிக்கலாமா என்று எல்லோரும் கேட்பீர்கள். பக்கத்துப் பாறையிலேயே பல்லவர் காலத்து ஒலக்கண்ணேஸ்வரர் கோயில் இருக்கிறது. இந்தக் கோபுரம் வருவதற்கு முன்னால் அதன் உச்சிதான் மாலுமிக்கு விளக்காக இருந்தது. பார்க்க வேண்டிய இடம், போய் வாருங்கள். ஆனால் கணக்குக்கு ஆகாது. 40 மீட்டர் உயரத்தில் நிற்பதாக வைத்தால், புத்தகத்தில் வருகிற 60 டிகிரி இறக்கக்கோணத்தில் 'படகு' 23 மீட்டர் தள்ளி இருக்கும். அந்த இடத்தில் கடல் இல்லை, பாறைதான். 30 டிகிரியிலும் 69 மீட்டர்தான். அலை அங்கிருந்து இன்னும் சில நூறு மீட்டர் தள்ளி.

உண்மையான படகு இரண்டு கிலோமீட்டரில் இருந்தால் இறக்கக்கோணம் ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் மேலே, 1.15. உங்கள் பாகைமானியில் அரை டிகிரி கூடிப்போனால் படகு 1,400 மீட்டரில் இருப்பதாக வரும். அரை டிகிரி குறைந்தால் 3,500-ஐத் தாண்டும். ஒரு படகை இரண்டு கிலோமீட்டர் முன்னும் பின்னும் தூக்கிப்போடுகிற கருவியை வைத்துக்கொண்டு வேகம் சொல்வது கிளி ஜோசியம். விமானத்திலும் இதேதான்: 45 டிகிரியில் ஒரு டிகிரி தப்பினால் 1,200 மீட்டர் உயரத்துக்கு 43 மீட்டர் பிழை, 10 டிகிரியில் தப்பினால் 770 மீட்டர். தொடுவானத்துப் பக்கம் போகாதீர்கள். ஸ்ரீஹரிகோட்டா நமக்கு நேர் வடக்கே சுமார் நூறு கிலோமீட்டர். ராக்கெட் கிளம்பினால் பார்த்துக் கைதட்டுங்கள், அளக்க வேண்டாம்.

8. காதை நம்பிக் கடிகாரத்தை அழுத்தாதீர்கள்.

நம் ஊர் வெப்பத்தில் ஒலி விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் ஓடும். மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிற விமானத்தின் சத்தம் எட்டரை விநாடி கழித்து வரும். அதற்குள் அது அரைக் கிலோமீட்டருக்கு மேல் போயிருக்கும்.

9. சூரியனைக் குழலில் பார்க்கக் கூடாது. ஒரு தடவைகூட. சூரியன் பக்கம் விமானம் போனால் அதை விட்டுவிடுங்கள், அடுத்தது வரும்.

10. விடையில் 337.68 என்று எழுதி வருகிறவனை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். ஒரு டிகிரிகூடச் சரியாகப் படிக்காத நூலுக்கு இரண்டு தசமத்தானம் எதற்கு? "340, பத்து முன்பின் இருக்கலாம்" என்று எழுதுங்கள்.

11. இதெல்லாம் கைக்கு வந்த பிறகு விண்வெளி நிலையத்தைப் பிடியுங்கள்.

சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. சூரியன் மறைந்த பின்னோ உதிக்கும் முன்னோ சில நாட்களில் நம் ஊருக்கு மேலே நல்ல வெளிச்சத்தோடு போகும். என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று நாசா வெளியிடுகிறது. அதிகபட்ச ஏற்றம் 85 டிகிரிக்கு மேல் என்று போட்டிருக்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள். காரணம் நாலாவதில் இருக்கிறது.

ஒரு குழலை 60 டிகிரியில், அது வருகிற திசையில் பூட்டுங்கள். உச்சிக்கு ஒரு தூக்குநூலைக் கட்டி, தரையில் மல்லாந்து படுத்து அதன் வழியே பாருங்கள். 60-லிருந்து உச்சிவரை தரைத்தூரம் 400-ஐ 1.732-ஆல் வகுத்தால் 231 கிலோமீட்டர். போன பங்குனியில் நாங்கள் எடுத்த நேரம் 31 விநாடி. விநாடிக்கு ஏழரைக் கிலோமீட்டர் என்று வந்தது. புத்தகத்தில் இருப்பது சுமார் 7.66. ஜூஸ் குழலுக்கும் ஈயக்குண்டுக்கும் இது போதாதா!

ஐப்பசி, கார்த்திகையில் முயன்றால் பாதி நாள் மேகம் மூடிக்கொள்ளும். அப்படி ஆனால் கழுத்து வலிக்க அங்கேயே நிற்காமல் அடுத்த தேதியைக் குறித்துக்கொண்டு கீழே இறங்கி வாருங்கள். பாட்டி சுண்டல் தாளித்து வைத்திருப்பாள்.